பூச்சுக்குள் போகும் வெந்நீர்க் குழாய்: மூடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை



இந்த இதழில் கல்வி உதவி, மருத்துவ உதவி விவரங்களோடு ஒரு கட்டட வேலைப் பாடமும் இடம்பெறுகிறது. காரணத்தைச் சொல்லிவிட்டே பாடத்துக்குள் போகிறேன். இதில் நடந்த தவறு என்னுடையது. நான் செய்ததை இன்னொருவர் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

நமது டிரஸ்ட் சார்பில் மய்யித் குளிப்பாட்டும் அறையைப் புதுப்பித்தபோது, மாடியில் சோலார் ஹீட்டர் வைத்து, அங்கிருந்து வெந்நீர்க் குழாயைச் சுவருக்குள் இறக்கினோம். அதே குழாயில் ஒரு கிளை, வயதானவர்கள் மார்கழிக் குளிரில் ஒளு செய்யும் இரண்டு குழாய்களுக்கும் போனது. குழாய் பதித்து முடிந்த அன்று, வேலை பார்த்த பிளம்பர் தம்பி என்னிடம் வந்து, "பாய், பிரஷர் டெஸ்ட் போடணும். பசை காய ஒரு நாள், டெஸ்டுக்கு ஒரு நாள். அதுக்கப்புறம் பூசலாம்" என்றார். திறப்பு நாளை நோட்டீஸ் அடித்து அறிவித்தாகிவிட்டது. கொத்தனார்களும் வந்து நின்றார்கள். "தண்ணி திறந்து பாருங்க, ஒழுகலேன்னா பூசிடுங்க" என்று நான்தான் சொன்னேன். தண்ணீர் திறந்தார்கள். ஒழுகவில்லை. பூசிவிட்டார்கள்.

எட்டு மாதம் கழித்து ஸ்விட்ச் போர்டுக்கு மேலே சுண்ணாம்பு பொரிந்தது. மழை ஓதம் என்று நினைத்து சுரண்டிப் பெயிண்ட் அடித்தோம். இரண்டே மாதத்தில் மறுபடியும் பொரிந்தது. மறுபடியும் பெயிண்ட் அடித்தோம். ஒரு நாள் ஃபஜ்ருக்கு முன் ஜனாஸா வேலைக்காக வந்த நம் தன்னார்வலர் ஒருவர் ஈரக்கையோடு விளக்கு ஸ்விட்சைத் தொட்டபோது ஷாக் அடித்துக் கீழே விழுந்தார். அல்ஹம்துலில்லாஹ், உயிருக்கு ஆபத்தில்லை. அந்த ஜனாஸாவுக்கு வந்த குடும்பத்தார் பக்கத்து வீட்டில் தண்ணீர் காய்ச்சி வாளியில் சுமந்து வந்தார்கள். அந்தக் காட்சியை என்னால் மறக்க முடியவில்லை.

பிறகு டைல்ஸையும் பூச்சையும் உடைத்துப் பார்த்தோம். ஒரு எல்போவில் குழாய் முழு ஆழத்துக்கு உள்ளே போகவில்லை. பாதியில் நின்ற இடத்தில் பசை பிடிக்காமல் சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. இரண்டு நாளை மிச்சம் பிடித்தோம். உடைக்க, மாற்ற, மறுபடி பூச, டைல்ஸ் ஒட்டப் பதினோரு நாள் ஆனது. செலவானது மக்கள் நம்பி ஒப்படைத்த அமானத் பணம்.

இனி பாடம்.

சுவருக்குள் சூடு: பழைய விஷயம்தான்

சுவருக்குள் குழாய் வைப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. 2025ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நம் செஞ்சிக் கோட்டையில், கல்யாண மஹால் கோபுரத்துக்கு மண்குழாய் வழியாகத் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறார்கள். மோட்டார் இல்லாத காலத்தில் அந்தக் குழாயில் தண்ணீர் ஏறியதற்கு ஒரே விதிதான்: தன் மூலம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அந்த மட்டம் வரை தண்ணீர் தானாக ஏறும். கொத்தனார் டியூப் லெவல் பிடிப்பதும் இதே விதியால்தான். மாடித் தொட்டியிலிருந்து நம் குழாய்க்குத் தண்ணீர் வருவதும் இதனால்தான்.

சூட்டைக் கட்டடத்துக்குள் செலுத்துவதும் பழையதே. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமர்கள் தரைக்கு அடியில் நெருப்பின் சூடான காற்றை ஓடவிட்டு, சுவரில் பதித்த உள்ளீடற்ற ஓடுகள் வழியாக மேலே ஏற்றினார்கள். அந்த ஓடுகளின் மேல் பூச்சு பூசியிருப்பார்கள். 1648ல் கட்டி முடிக்கப்பட்ட டெல்லி செங்கோட்டையில் வெந்நீர் வசதியோடு ஹமாம் உண்டு. காஷ்மீர்ப் பள்ளிவாசல்களில் இன்றும் 'ஹமாம்' என்ற அறை இருக்கிறது. கல் பாவிய தரைக்குக் கீழே விறகெரித்து, அந்தச் சூட்டிலேயே ஒளுவுக்கான தண்ணீரும் காயும். பனிக்காலத்தில் மக்கள் அந்தக் கல் தரையில் உட்கார்ந்து குளிர் காய்வார்கள்.

லண்டனிலும் கனடாவிலும் இருக்கும் நம் பிள்ளைகளின் வீடுகளில் 'சென்ட்ரல் ஹீட்டிங்' இருக்கும். ஒரு பாய்லர் தண்ணீரைச் சூடாக்கும். ஒரு பம்பு அதை அறை அறையாகச் சுற்ற வைக்கும். அறைக்கு அறை ரேடியேட்டர் என்னும் இரும்புத் தகடு அந்தச் சூட்டை வாங்கி அறைக்குக் கொடுக்கும். ஆறிய தண்ணீர் திரும்பவும் பாய்லருக்கே போகும். சில வீடுகளில் ரேடியேட்டரே கிடையாது. சுவர்ப் பூச்சுக்குள் குழாயை வளைத்து வளைத்துப் பதித்து, சுவரையே மிதமாகச் சூடாக்குவார்கள்.

செஞ்சிக்கு அறையைச் சூடாக்கும் ஏற்பாடு தேவையில்லை. சித்திரையில் நம் பாறை மலைகளே அந்த வேலையைச் செய்துவிடும். ஆனால் கீசரும் சோலார் ஹீட்டரும் இப்போது சாதாரண வீடுகளுக்கும் வந்துவிட்டன. சூடான தண்ணீர் பூச்சுக்குள் ஓடும்போது வரும் சிக்கல்கள் லண்டனிலும் செஞ்சியிலும் ஒன்றுதான்: குழாய் நீளும், இணைப்பு விடும், உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது.

முதல் கேள்வி: மறைக்கத்தான் வேண்டுமா?

வெளியே கிளாம்பு போட்டு ஓடும் குழாய் அழகாக இருக்காது. ஆனால் ஒழுகினால் அன்றைக்கே தெரியும், அரை மணி நேரத்தில் சரி செய்யலாம். பழைய வீட்டில், மண் சாந்தில் கட்டிய சுவரில், கருங்கல் சுவரில் குழாயை வெளியே விடுவதே நல்லது. வாடகை வீட்டிலும் அப்படியே. புது வீடு, செங்கல் சுவர், டைல்ஸ் போடப் போகும் குளியலறை என்றால் மறைக்கலாம். அப்போதும் குழாயை மிகக் குறைந்த நீளத்துக்குச் சுவருக்குள் விடுங்கள். நீளம் குறைந்தால் இணைப்பும் குறையும். ஒழுக்கு பெரும்பாலும் இணைப்பில்தான் வரும்.

எந்தக் குழாய்?

வெந்நீருக்குச் சாதாரண வெள்ளை, சாம்பல் நிற பிவிசி குழாய் கூடாது. அது குளிர்ந்த தண்ணீருக்கானது. சூடு ஏற ஏற அதன் தாங்கும் பலம் குறைந்து, கடைசியில் தொய்ந்துவிடும். வெந்நீருக்கு சிபிவிசி குழாய் வேண்டும். வாங்கும்போது குழாயின் மேல் ஐஎஸ் 15778 என்ற எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பசையும் சிபிவிசிக்கு உரியதாகவே இருக்க வேண்டும். பிவிசி பசையைப் போட்டால் முதலில் ஒட்டியது போலத்தான் இருக்கும். சூடு பட்டுப் பட்டுப் பிறகு விடும். எல்போ, டீ, கப்ளிங் எல்லாமே சிபிவிசியாக இருக்கட்டும். மரை இணைப்புகளில் டெஃப்லான் டேப் மட்டும் போதும். சணலும் எண்ணெய்ப் பெயிண்டும் சுற்றுவது இரும்புக் குழாய்க்கான பழைய வழக்கம். எண்ணெய் சில சமயம் சிபிவிசியை வெடிக்க வைக்கும்.

ஜிஐ இரும்புக் குழாய் சூட்டைத் தாங்கும். ஆனால் ஈரமும் உப்பும் உள்ள சுவரில் வெளியிலிருந்து துருப்பிடிக்கும். உள்ளே வேறு சிக்கல்: நம் போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். தண்ணீர் சூடாகும்போது அந்தச் சுண்ணாம்பு பிரிந்து குழாயின் உள்சுவரில் படியும். வெந்நீர் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். சொரசொரப்பான இரும்புக் குழாயில் அது சீக்கிரம் சேர்ந்து வழியை அடைக்கும்.

வளைகுடாவில் பிளம்பிங் வேலை பார்த்துத் திரும்பிய நம் சகோதரர்களுக்கு இன்னொரு முறை தெரிந்திருக்கும். ஒரு பெரிய உறைக் குழாயைச் சுவரில் பதித்து, அதற்குள் வளையக்கூடிய பெக்ஸ் குழாயை இணைப்பே இல்லாமல் ஒரே நீளமாக நுழைப்பார்கள். பழுதானால் சுவரை உடைக்காமல் உள்குழாயை உருவி மாற்றிவிடலாம். செலவு கூடுதல்தான். ஆனாலும் இடையில் இணைப்பே இல்லாத வழி இதைவிடப் பாதுகாப்பானது வேறில்லை. தெரிந்தவர் கிடைத்தால் கேட்டுப் பாருங்கள்.

குழாய் எவ்வளவு நீளும்?

இதைக் கணக்காகவே பார்ப்போம். ஒரு மீட்டர் சிபிவிசி குழாய் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் சுமார் 0.06 மில்லிமீட்டர் நீளும். காலையில் 25 டிகிரியில் இருக்கும் குழாயில் 65 டிகிரி வெந்நீர் வந்தால் ஏற்றம் 40 டிகிரி. 3 மீட்டர் குழாய்க்கு:

3 × 40 × 0.06 = சுமார் 7 மில்லிமீட்டர்.

இரும்புக் குழாயாக இருந்தால் இதே கணக்கில் ஒன்றரை மில்லிமீட்டர்தான் வரும். ஏழு மில்லிமீட்டர் என்பது சுண்டுவிரல் நகத்தின் அகலம். வெந்நீர் விடும்போதெல்லாம் அவ்வளவு நீளப் பார்க்கும், ஆறும்போதெல்லாம் சுருங்கப் பார்க்கும். சுற்றிலும் சிமெண்ட் இறுக்கிப் பிடித்திருந்தால் அந்தத் தள்ளுதல் முழுவதும் இரண்டு முனை எல்போக்களின் மேல் விழும். பசை சரியாகப் பிடிக்காத எல்போ அங்கேதான் விடும். பூச்சில் குழாய் போன வழியே மயிரிழை வெடிப்பு விடுவதும் இதனால்தான்.

மருந்து எளிது. வெந்நீர்க் குழாயை நேராகச் சிமெண்டில் புதைக்காதீர்கள். ஃபோம் உறை போட்டு, அதற்கு மேல் பூசுங்கள். எல்போ இருக்கும் இடத்தில் உறை கண்டிப்பாக இருக்க வேண்டும். குழாய்க்கு அசைய ஒரு மெத்தை கிடைக்கும். சூடும் சுவருக்குள் போகாமல் தண்ணீரிலேயே நிற்கும்.

சுவரில் காடி எடுக்கும் அளவு

சுவர் பாரம் தாங்குவது. அதில் எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டலாம் என்று நினைக்கக்கூடாது. பொது விதி: மேலிருந்து கீழாகப் போகும் காடியின் ஆழம் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. பக்கவாட்டில் போகும் காடி ஆறில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. பக்கவாட்டுக் காடிக்கு ஏன் இவ்வளவு கண்டிப்பு? மேலே உள்ள பாரம் கீழே இறங்கும் வழியை அது நீளத்துக்கும் குறுக்கே அறுக்கிறது.

ஒன்பது இஞ்ச் சுவர் (230 மி.மீ.): செங்குத்துக் காடி 75 மி.மீ. வரை, பக்கவாட்டுக் காடி 38 மி.மீ. வரை.

நாலரை இஞ்ச் சுவர் (115 மி.மீ.): செங்குத்து 38 மி.மீ., பக்கவாட்டு 19 மி.மீ. மட்டுமே.

முக்கால் இஞ்ச் சிபிவிசி குழாயின் வெளிச்சுற்று விட்டம் சுமார் 22 மி.மீ. உறையோடு சேர்த்தால் 40 மி.மீ. ஆகிவிடும். ஆகவே நாலரை இஞ்ச் சுவரில் பக்கவாட்டில் வெந்நீர்க் குழாயைப் பதிக்க இடமே இல்லை. அப்படிப் பதித்தால் ஒன்று சுவர் பலவீனமாகும், அல்லது குழாய் பூச்சுக்கு வெளியே முட்டிக்கொண்டு நிற்கும். அந்தச் சுவரில் குழாய் மேலிருந்து நேராக இறங்கட்டும். பக்கவாட்டில் போக வேண்டியதை சீலிங் ஓரமாக வெளியே விடுங்கள்.

ஒரே இடத்தில் சுவரின் இரண்டு பக்கமும் காடி எடுக்காதீர்கள். ஆர்சிசி பில்லர், பீம், லிண்டல் ஆகியவற்றை எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். உளி சுத்தியலால் இடிப்பதைவிட, இரண்டு பக்கமும் கட்டிங் மெஷினால் கோடு போட்டு நடுவை எடுத்தால் செங்கல் அதிராது. கண்ணாடியும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு.

ஸ்விட்ச் போர்டுக்கு மேலே குழாய் வேண்டாம்

எங்கள் அறையில் நடந்த இரண்டாவது தவறு இது. தண்ணீர் எப்போதும் கீழ்நோக்கித்தான் இறங்கும். ஸ்விட்ச் போர்டுக்கு மேலே குழாய் ஓடினால், ஒழுக்கு வரும் நாளில் அது போர்டுக்குள்தான் இறங்கும். தண்ணீர்க் குழாய்க்கும் மின்சாரக் குழாய்க்கும் தனித்தனிக் காடி எடுங்கள். முடிந்தால் தனித்தனிச் சுவராகவே இருக்கட்டும்.

குளியலறை, ஒளு செய்யுமிடம், குளிப்பாட்டும் அறை ஆகியவற்றுக்குப் போகும் மின் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடுங்கள். மின்சாரம் கசிந்து உடல் வழியாகப் போகத் தொடங்கியதுமே அது இணைப்பைத் துண்டித்துவிடும். கீசருக்கு எர்த் கட்டாயம். அன்று எங்கள் அறையில் ஆர்சிசிபி இல்லை. இப்போது இருக்கிறது.

ஒட்டும் முறை

குழாயை நேராக வெட்ட வேண்டும். சாய்வாக வெட்டினால் ஒரு பக்கம் ஒட்டாது. வெட்டிய முனையின் பிசிறை எடுத்துத் துணியால் உலரத் துடைக்க வேண்டும். எல்போவுக்குள் எவ்வளவு ஆழம் போக வேண்டுமோ, அந்த அளவை மார்க்கரால் குழாயின் மேல் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் பசை தடவி, கால் சுற்றுத் திருப்பியபடி அந்தக் குறி வரை உள்ளே தள்ளி, அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். விட்டால் குழாய் பின்னால் வழுகி வெளியே வரும். எங்கள் எல்போவில் அந்தக் குறி இல்லை. இருந்திருந்தால் குழாய் பாதியில் நிற்பதைக் குழந்தைகூடக் கண்டுபிடித்திருக்கும்.

பிரஷர் டெஸ்ட்: விட்டுவிடக்கூடாத படி

"தண்ணீர் திறந்து பார்த்தோம், ஒழுகவில்லை" என்பது ஏன் போதாது? பத்து மீட்டர் உயரத்தில் உள்ள தண்ணீர் கொடுக்கும் அழுத்தம் சுமார் ஒரு கிலோ. நம் மாடித் தொட்டி குழாய்க்கு மேல் மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.3 கிலோதான். அந்தச் சிறிய அழுத்தத்தில் பாதி ஒட்டிய எல்போகூடச் சில மாதம் தாக்குப்பிடிக்கும். பிறகு ஒரு நாள் பிரஷர் பம்பு வைப்பீர்கள், அல்லது சூட்டில் குழாய் நீண்டு சுருங்கும். அப்போது விட்டுவிடும்.

செய்ய வேண்டிய முறை இது.

1. கடைசி இணைப்பை ஒட்டி 24 மணி நேரம் காயட்டும்.

2. எல்லா வாய்களையும் டம்மி பிளக் போட்டு மூடுங்கள். கீசர் வரும் இடத்தில் குளிர்ந்த நீர் வாயையும் வெந்நீர் வாயையும் ஒரு ஹோஸால் இணைத்துவிட்டால் இரண்டு லைனையும் ஒரே நேரத்தில் சோதிக்கலாம்.

3. கீழிருந்து மெதுவாகத் தண்ணீர் நிரப்பி, மேலே உள்ள ஒரு வாயைத் திறந்து காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள்.

4. கைப்பம்பால் அழுத்தம் ஏற்றுங்கள். லைனில் எவ்வளவு அழுத்தம் வரக்கூடுமோ அதைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு வேண்டும். எங்கள் டிரஸ்ட் வேலைகளில் இப்போது 5 கிலோ வைக்கிறோம்.

5. பிளாஸ்டிக் குழாய் சற்றே விரிவதால் முதலில் முள் கொஞ்சம் இறங்கும். ஒரு முறை மறுபடி ஏற்றிவிட்டு, அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் பாருங்கள். முள் அசையக்கூடாது. ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால் துடைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரமும் பேப்பரில் தெரியும்.

6. தண்ணீரால் மட்டுமே சோதியுங்கள். கம்ப்ரசர் காற்றால் பிளாஸ்டிக் குழாயைச் சோதிக்காதீர்கள். உடைந்தால் துண்டுகள் தோட்டா போலப் பறக்கும்.

7. சோதனை முடிந்தும் அழுத்தத்தை இறக்க வேண்டாம். பூச்சு வேலை நடக்கும்போதும் கேஜ் அப்படியே இருக்கட்டும். கொத்தனார் அடிக்கும் ஆணி குழாயில் பட்டால் முள் இறங்கி அந்த நிமிடமே காட்டிக்கொடுக்கும்.

மூடுவதற்கு முன் ஒரு போட்டோ

குழாய் தெரியும் நிலையில், பக்கத்தில் அளவு டேப்பை நீட்டி வைத்து, ஒவ்வொரு சுவரையும் செல்போனில் போட்டோ எடுங்கள். தரையிலிருந்து எத்தனை அடி, கதவு நிலையிலிருந்து எத்தனை அடி என்பது தெரிய வேண்டும். பத்து வருடம் கழித்து ஒரு கண்ணாடியோ அலமாரியோ மாட்டும்போது அந்தப் போட்டோ சுவரைக் காப்பாற்றும். செல்போன் மாறிப்போகும். ஆகவே அச்செடுத்து வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்.

காடியை நிரப்பும்போது ஒரே தடவையாக அப்பாமல் இரண்டு தடவையாக நிரப்பி, அதன் மேல் இரண்டு பக்கமும் செங்கல்லில் ஏறும்படி கோழிவலை அடித்துப் பூசுங்கள். ஏழு நாளாவது தண்ணீர் காட்டுங்கள். அதுவரை அந்தக் குழாயில் வெந்நீர் விடாதீர்கள். பச்சைப் பூச்சில் சூடு ஏறினால் ஈரம் சீக்கிரம் இழுத்து வெடிக்கும்.

சோலாரும் கீசரும்

சோலார் தொட்டியைக் குளியலறைக்கு நேர் மேலே வையுங்கள். இதற்கும் ஒரு கணக்கு உண்டு. முக்கால் இஞ்ச் குழாயில் ஒரு மீட்டருக்குக் கால் லிட்டர் தண்ணீர் நிற்கும். தொட்டி 15 மீட்டர் தள்ளி இருந்தால், ஆறிப்போன சுமார் 4 லிட்டர் தண்ணீர் வெளியே போன பிறகுதான் வெந்நீர் வரும். ஒருவர் ஒளு செய்யப் போதுமான தண்ணீர் அது. ஒளுவில் தண்ணீரை வீணாக்கக்கூடாது என்று சின்ன வயதில் மதரஸாவில் படித்தோம். குழாய் போகும் வழியைச் சரியாக வகுப்பதும் அந்தப் பாடத்தில் சேர்ந்ததுதான். தூரம் தவிர்க்க முடியாதது என்றால் வெந்நீருக்கு அரை இஞ்ச் குழாய் போடுங்கள். அதில் நிற்கும் தண்ணீர் பாதிதான்.

வெயில் காலத்தில் யாரும் உபயோகிக்காத சோலார் தொட்டியில் தண்ணீர் கொதிநிலையைத் தொடலாம். அதன் காற்றுப் போக்கிக் குழாயை யாரும் அடைக்கக்கூடாது. கீசரில் உள்ள பாதுகாப்பு வால்வு சொட்டுகிறது என்று பிளக் போட்டு அடைப்பவர்கள் இருக்கிறார்கள். அது வீட்டுக்குள் குண்டு வைப்பதற்குச் சமம். கீசர் வாயில் பிளாஸ்டிக்கை நேராகப் பொருத்தாமல் ஸ்டீல் பின்னல் ஹோஸால் இணையுங்கள்.

வெந்நீரின் சூட்டையும் கவனியுங்கள். 60 டிகிரி தண்ணீர் ஐந்தாறு வினாடியில் தோலைப் பொசுக்கும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அந்த நேரம்கூட ஆகாது. அவர்கள் உபயோகிக்கும் குழாயில் வெந்நீரும் தண்ணீரும் கலந்து வரும்படி மிக்சர் வையுங்கள்.

ஏற்கெனவே மூடிவிட்டவர்களுக்கு

சுவரில் ஓதம் கண்டால் பெயிண்டைத் தேடாதீர்கள். முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, தொட்டிக்குத் தண்ணீர் வரும் வழியையும் அடைத்து, தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. மறுநாள் இரவு கீசருக்குப் போகும் வால்வையும் அடைத்து அதேபோலப் பாருங்கள். இப்போது குறையவில்லை என்றால் ஒழுக்கு கீசரிலோ வெந்நீர் லைனிலோதான். இரண்டு சோதனையிலும் மட்டம் அப்படியே இருந்தால் மழை ஓதத்தையோ கழிவுக் குழாயையோ பாருங்கள்.

வினாடிக்கு ஒரு சொட்டுதானே என்று நினைக்க வேண்டாம். ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. இருபது சொட்டு ஒரு மில்லி லிட்டர் என்று வைத்தாலும் நான்கு லிட்டருக்கு மேல். அவ்வளவும் தினமும் உங்கள் சுவருக்குள் போகிறது. ஸ்விட்ச் போர்டு அருகே ஓதம் கண்டால் வேறு எதையும் பார்ப்பதற்கு முன் அந்த அறையின் மெயினை நிறுத்திவிடுங்கள்.

இப்போது நாங்கள் கடைப்பிடிப்பது

டிரஸ்டின் கட்டட வேலைகளுக்கு ஒரு தாள் போட்டிருக்கிறோம். டெஸ்ட் தேதி, ஏற்றிய அழுத்தம், இரண்டு மணி நேரம் கழித்து இருந்த அழுத்தம், போட்டோ எடுத்தாயிற்றா என்பதற்கு அதில் இடம் உண்டு. பிளம்பர், கொத்தனார், செயலாளர் மூவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பூச்சு. திறப்பு விழாத் தேதியை, அந்தத் தாள் நிரம்பிய பின்பே நிர்வாகக் குழுவில் பேசுவது என்று தீர்மானமும் போட்டாயிற்று. அந்தப் பிளம்பர் தம்பியை வீட்டுக்கே போய்ப் பார்த்து, தவறு என்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுவேலையையும் அவரிடமே கொடுத்தோம்.

கேஜ் வைத்த கைப்பம்பு ஒன்றும் வாங்கி டிரஸ்ட் அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். வீடு கட்டும் யார் வேண்டுமானாலும், எந்த மதத்தவரானாலும், மூன்று நாளுக்கு இரவலாக எடுத்துப் போகலாம். வாடகை கிடையாது. அஸர் தொழுகைக்குப் பிறகு அலுவலகத்தில் பெயரை எழுதிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எப்படிப் போடுவது என்று தெரியாவிட்டால், சொல்லிக்கொடுக்க இரண்டு தம்பிகள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

குருவி சேர்ப்பதுபோலச் சேர்த்த காசிலும் கடனிலும்தான் நம்மில் பெரும்பாலோர் வீடு கட்டுகிறோம். பூச்சுக்கு முன் இரண்டு நாள் பொறுத்தால் அந்தக் காசும் நிற்கும், சுவரும் நிற்கும். நான் பொறுக்கவில்லை. நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்.

செயலாளர்